மேட்டு நிலத்தில் ஒரு நீர்ப்பூங்கா

யப்பானின் கனசாவா நகரில், பழைய கோட்டைக்கு எதிரேயுள்ள மேட்டுநிலத்தில் அமைந்தது கென்ரொக்குயென் பூங்கா. காகா நாட்டை ஆண்ட மயேதா குலத்துச் சிற்றரசர் 1676ஆம் ஆண்டளவில் இதற்கு அடிகோலினர். பொதுமக்களுக்கு இதன் வாயில் திறந்தது 1874இலேதான்.

'ஆறும் ஒருங்கே அமைந்த பூங்கா' என்பது 1822இல் இடப்பட்ட இப்பெயரின் பொருள். பரப்பு, தனிமை, கைத்திறன், தொன்மை, நீர்வளம், சேய்மைக்காட்சி என்பனவே அவ்வாறு. இவை ஓரிடத்திற் பொருந்துதல் அரிது என்பது பழைய சீன நூலொன்றின் கூற்று. வெளி பரந்தால் தனிமை குன்றும்; கைவண்ணம் மிகுந்தால் தொன்மை மறையும். நீரோ பள்ளத்தை நாடுவது. சேய்மைக்காட்சிக்கோ மேடு வேண்டும். முன்னைய இரண்டையும் தோட்டக்கலைஞன் தன் திறமையால் இணக்கிவிடலாம். மூன்றாவது அத்துணை எளிதன்று.

இங்கு அதனை இணக்கியது ஒரு தீவிபத்து எனலாம். 1631இல் நகரையும் கோட்டையையும் பெருந்தீ அழித்தது. மறு ஆண்டே, இத்தாயா எய்சிரோ என்பவரின் பொறுப்பில், சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் வெட்டப்பட்டது. மலையைக் குடைந்தும், சரிவை நுணுகி அளந்தும், நீரை இம்மேட்டுக்குக் கொணர்ந்தனர். இங்கிருந்து மூடிய குழாய்வழியே பள்ளத்தில் இறங்கிய நீர், தன் அழுத்தத்தாலேயே எதிரேயுள்ள கோட்டைக்கு ஏறிற்று. பூங்காவுக்காக வெட்டப்பட்ட வாய்க்கால் அன்று அது. பூங்காவே பின்னர் அந்நீரைத் தேடி வந்தது.

இன்று அங்குச் செல்வோர் தெளிந்த நாளில் நோட்டோ குடாநாடு வரை காணலாம். திரும்பினால் கசுமிகாயிக்கே என்னும் மூடுபனிக் குளம். அதன் கரையில், ஒரு காலை நீரிலும் குறுகிய மறுகாலைக் கல்லிலும் ஊன்றி நிற்கிறது கல்விளக்கொன்று. கொத்தோ என்னும் இசைக்கருவியில் நரம்பைத் தாங்கும் குதிரையை ஒத்திருப்பதால், அதன் பெயரையே விளக்கும் பெற்றது. பலர் இதனைப் படம்பிடித்ததும் திரும்பிவிடுகின்றனர். சற்றுக் கீழே, பொறியின் துணையின்றி, குளத்துநீரின் அழுத்தத்தால் மட்டுமே எழும் பழைய நீரூற்றையும் அவர்கள் கண்டிருத்தல் வேண்டும்.

கனசாவாவின் பனி ஈரம் மிக்கது. பாரத்தாற் கிளையை முறித்துவிடும். ஆதலின் ஆண்டுதோறும் நவம்பர் முதலாந் திகதி தோட்டக்காரர் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குகின்றனர். மரத்தினும் உயர்ந்த கம்பம் நாட்டி, அதன் உச்சியிலிருந்து கிளைதோறும் கயிறு இழுப்பர். விரித்த குடைக்கம்பிகள் போன்ற தோற்றம். பீவா ஏரிக்கரையிலிருந்து வந்த விதையில் முளைத்த கராசாக்கிப் பைன் ஒன்றுக்கே ஐந்து கம்பங்கள் வேண்டும். மார்ச்சு நடுப்பகுதியில் அக்கயிறுகள் அவிழத் தொடங்குகின்றன.