சாவி கைக்கு வந்தாச்சு… நம்பர் வந்துச்சா?

புது பைக் ஓட்டும் முதல் சில நாள்கள்தான் அதிக ஆபத்தானவை. போலீஸ் அபராதம் அதில் சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்சூரன்ஸ்!

சென்னை பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் பக்கம் போனால் புது வண்டிகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் பலருக்கு வண்டி ஓட்டவே மனசு வரும். சென்னையில் மட்டுமல்ல, ஊருக்கு ஊர் இப்படி ஒரு கோயில் உண்டு. வண்டி நல்லபடியாக ஓட வேண்டும், ஓட்டுபவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல்தான் எல்லாமே.

ஆனால், பூஜை போட்ட கையோடு ரோட்டுக்கு வரும் சில வண்டிகளில் ஒரு விஷயம் மட்டும் இருக்காது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அல்லது ‘ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். “நாலு நாள்ல நம்பர் வந்துடும் சார், அதுவரைக்கும் சும்மா பக்கத்துல ஓட்டிக்கோங்க” என்று ஷோரூமில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த நாலு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

என்னென்ன ஆகலாம் என்பதை வண்டி வாங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டிக்கருக்கு மதிப்பு உண்டா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. பதிவு செய்யப்படாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக் கூடாது. வண்டியின் சொந்தக்காரர் அதை இன்னொருவர் ஓட்ட அனுமதிக்கவும் கூடாது. அதாவது, தம்பியிடம் சாவியைக் கொடுத்து “கடைக்குப் போயிட்டு வா” என்று அனுப்பினாலும் அண்ணன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

‘ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்’ ஸ்டிக்கர் என்பது விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்ற அறிவிப்பு மட்டுமே. அது பதிவுக்குச் சமம் ஆகாது. ஷோரூம் பில், இன்சூரன்ஸ் காகிதம் இரண்டையும் பெட்ரோல் டேங்க் கவரில் வைத்திருந்தாலும் கதை அதேதான். வண்டி யாருடையது என்பதற்கு பில் சாட்சி. ரோட்டில் ஓட்ட அதுவே அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

பிடிபட்டால் 192-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைப் பறிமுதல் செய்து நிறுத்திவைக்கவும் 207-வது பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. செயின் பறிப்பு போன்ற குற்றங்களில் நம்பர் இல்லாத வண்டிகள் பயன்படுவதால், வாகனச் சோதனையில் முதலில் நிறுத்தப்படுவதும் இந்த வண்டிகள்தான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாக ஏற்றிச் செல்ல நேர்ந்தாலோ, பேரிடரில் தவிப்பவர்களுக்கு உணவு, மருந்து கொண்டுபோக நேர்ந்தாலோ இந்தத் தண்டனை பொருந்தாது. அப்படி ஓட்டியதை ஏழு நாளுக்குள் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒன்பது நாள் இடைவெளியில் போன வண்டி

அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். உச்ச நீதிமன்றத்துக்குப் போன இரண்டு வழக்குகள் இதைப் புரியவைக்கும். இரண்டுமே நான்கு சக்கர வண்டிகள் தொடர்பானவை என்றாலும், சட்டம் பைக்குக்கும் அதுவேதான்.

ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் பஞ்சாபில் புது பொலிரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு, அதாவது டி.ஆர் நம்பர் வாங்கியிருந்தார். அது 2011 ஜூலை 19-ல் முடிந்துவிட்டது. நிரந்தரப் பதிவு செய்யவில்லை. ஜூலை 28 அன்று ஜோத்பூர் போனவர், தங்கிய விடுதிக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருந்தார். காலையில் பார்த்தால் வண்டியைக் காணோம்.

இன்சூரன்ஸ் இருந்தது. பிரீமியமும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் நிறுவனம் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் வண்டிக்காரர் பக்கம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நிலைமை தலைகீழானது. செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டியதே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியதுதான், நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. டி.ஆர் முடிந்து வெறும் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பத்து வருடம் வழக்கு நடத்தியும் கையில் ஒன்றும் வரவில்லை.

இதற்கு முந்தைய வழக்கில் வண்டி விபத்தில் சேதமடைந்தது. ஒரு மாத டி.ஆர் 2006 ஜனவரி 11-ல் முடிந்திருந்தது. விபத்து நடந்தது பிப்ரவரி 2-ல். அங்கும் சேதத்துக்கான இழப்பீடு கிடைக்கவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தத் தீர்ப்பைத்தான் 2021 தீர்ப்பும் பின்பற்றியது.

விபத்துக்கும் நம்பர் இல்லாததற்கும் என்ன சம்பந்தம், நம்பர் இருந்திருந்தால் மட்டும் திருடன் விட்டுவிட்டிருப்பானா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், பாலிசி என்பது சட்டப்படி ஓட்டப்படும் வண்டிக்கான ஒப்பந்தம் என்பதே நீதிமன்றத்தின் பார்வை.

இதை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். லோன் போட்டு ஒரு லட்சம் ரூபாய்க்கு பைக் வாங்கியாகிறது. நம்பர் வருவதற்குள் வண்டி திருடு போகிறது. இன்சூரன்ஸ் கைவிரிக்கிறது. ஆனால், வங்கி கைவிரிக்காது. இல்லாத வண்டிக்கு மாதாமாதம் இ.எம்.ஐ போய்க்கொண்டே இருக்கும்.

நம்பர் வாங்குவது யார் வேலை?

முன்பெல்லாம் வண்டியை வாங்கிவிட்டு, ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு அலைவது வாங்கியவர் பாடு என்றிருந்தது. 2019-ல் வந்த திருத்தச் சட்டம் இதை மாற்றிவிட்டது. டீலர் இருக்கும் மாநிலத்திலேயே பதிவாகும் புது வண்டிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் டீலர்தான். நம்பர் பிளேட் வண்டியில் மாட்டப்படும் வரை வாங்கியவரிடம் வண்டியை ஒப்படைக்கவே கூடாது என்றும் 41-வது பிரிவு சொல்கிறது.

விண்ணப்பிக்கத் தவறும் டீலருக்கு 192-பி பிரிவில் தண்டனையும் உண்டு. ஆண்டு சாலை வரியைப் போல 15 மடங்கு, அல்லது வண்டியின் ஆயுள் வரி, இதில் எது அதிகமோ அது அபராதம்.

ஷோரூமில் ‘ஆன்-ரோடு விலை’ என்று ஒரு தொகை சொல்வார்கள். வண்டி விலையோடு சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த தொகை அது. ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிக்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். எனவே, “நம்பர் மாட்டிய பிறகு எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்வது அவருடைய உரிமை. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மஞ்சள் பிளேட், சிவப்பு பிளேட்

வேறு மாநிலத்தில் வண்டி வாங்கிச் சொந்த ஊரில் பதிவு செய்பவர்களுக்கு டி.ஆர் உதவும். மஞ்சள் பிளேட்டில் சிவப்பு எழுத்து இருந்தால் அது தற்காலிகப் பதிவு. இது சட்டப்படி செல்லும். ஆனால், அந்தச் சான்றிதழில் போட்டிருக்கும் கடைசித் தேதி வரைதான். அந்தத் தேதியை செல்போனில் அலாரமாகப் போட்டு வைப்பது நல்லது. மேலே சொன்ன இரண்டு வழக்குகளிலும் தவறவிடப்பட்டது அந்தத் தேதிதான்.

சிவப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் அது டீலரின் வர்த்தகச் சான்றிதழ் நம்பர். டெஸ்ட் ரைடு கொடுக்க, பதிவுக்குக் கொண்டுபோக என டீலரின் தொழில் தேவைக்கானது. அதை மாட்டிக்கொண்டு வாங்கியவர் தினமும் ஆபீஸ் போய்வர முடியாது.

ஆர்.சி வரவில்லை என்றால்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம்பர் வராமல் இருப்பது வேறு. நம்பர் வந்து, ஆர்.சி கார்டு மட்டும் கைக்கு வராமல் இருப்பது வேறு.

நம்பர் ஒதுக்கப்பட்டு, பிளேட்டும் மாட்டிவிட்டால் வண்டி பதிவான வண்டிதான். ஆர்.சி தபாலில் வரத் தாமதமானால் பயப்பட வேண்டியதில்லை. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் ஆர்.சி-யை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். மின்னணு வடிவில் ஆவணங்களைக் காட்டலாம் என்று 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டுவிட்டன.

ஆர்.சி-யைப் பார்க்கும்போதே பெயர், முகவரி, இன்ஜின் நம்பர், 17 இலக்க சேஸிஸ் நம்பர் ஆகியவற்றை வண்டியோடும் பாலிசியோடும் ஒப்பிட்டுவிட வேண்டும். பாலிசி போடும்போது பதிவு எண் இருக்காது என்பதால் அந்த இடத்தில் ‘நியூ’ என்று இருக்கும். நம்பர் வந்ததும் அதைப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. நம் வண்டி சேதமானாலோ திருடு போனாலோ பணம் கிடைக்க தனி கவரேஜ் வேண்டும். ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு.

தாமதம் எங்கே நடக்கிறது?

பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும். ஆதாரில் ஒரு முகவரி, வாடகை வீட்டில் இன்னொரு முகவரி. பெயரில் இனிஷியல் முன்னே பின்னே இருக்கும். லோன் காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் ஒரே நாளில் பலர் வண்டி எடுப்பதால் வேலை குவிந்துவிடும்.

இன்னொரு காரணம் ஃபேன்ஸி நம்பர். கூட்டுத்தொகை 9 வர வேண்டும், அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நம்பரே வேண்டும் என்று காத்திருப்பதில் தவறில்லை. அந்தக் காத்திருப்பு முடியும் வரை வண்டியும் ஷோரூமில் காத்திருக்கட்டும்.

பிளேட்டும் இப்போது சாதாரண பிளேட் இல்லை. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த தனி எண்ணும் கொண்ட இந்த பிளேட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட முடியாதபடி பொருத்துவார்கள். அவசரத்துக்கு ஸ்டிக்கர் கடையில் எழுதி மாட்டினால் அது கணக்கில் வராது.

நல்ல நாளையும் விட வேண்டாம்

“வெள்ளிக்கிழமை விட்டா ஆடி பொறந்துடும், இன்னிக்கே எடுத்துடுவோம்” என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் உண்டு. அம்மா, பாட்டியின் அந்த நம்பிக்கையை மதித்துக்கொண்டே இதைச் சரிசெய்யலாம். நாள் பார்ப்பது வண்டியை வெளியே எடுக்கும் நாளுக்கு என்றால், அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பணமும் ஆவணங்களும் ஷோரூம் போய்ச் சேர வேண்டும். “இந்தத் தேதிக்கு நம்பர் பிளேட்டோடு வேண்டும்” என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாய்வார்த்தையை விட அது பலம்.

எவ்வளவு திட்டமிட்டும் நம்பர் வரவில்லையா? அன்று ஷோரூமிலேயே பூஜை போட்டு, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். நல்ல நேரம் தவறாது. நம்பர் பிளேட் மாட்டிய அன்று போய் ஓட்டிக்கொண்டு வரலாம்.

வீட்டுப் பையன் முகம் அன்று மாலை கொஞ்சம் வாடத்தான் செய்யும். நண்பர்கள் கேட்பார்கள், தெருவில் விசாரிப்பார்கள். ஒரு வாரத்தில் அது மறந்துவிடும். நம்பர் இல்லாமல் ஓட்டித் தொலைத்த வண்டிக்கு மூன்று வருடம் இ.எம்.ஐ கட்டுவது அவ்வளவு சீக்கிரம் மறக்காது.