பழைய இரும்பில் மறைந்திருக்கும் ஆபத்து

பழைய இரும்பு வியாபாரத்தை நம்பி வாழும் நம் குடும்பங்கள் கோவையில் பல உண்டு. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரிச் சந்தையில் நிகழ்ந்த துயரம் அவர்களுக்கு ஒரு படிப்பினையாகும்.

தில்லிப் பல்கலைக்கழகம் பல்லாண்டுகள் பயன்படுத்தாதிருந்த காமா கதிர்வீச்சுக் கருவியொன்றை ஏலத்தில் விற்றது. வாங்கியவர்கள் அதைப் பிரித்தனர். உள்ளே இருந்ததோ கோபால்ட்-60! கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கதிர்கள் உடலைத் தாக்கின. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே மும்பையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இயங்குகிறது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி, 1983 நவம்பர் 15 அன்று இது அமைக்கப்பட்டது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிகளுக்கு உரிமம் வழங்குவதும், அவற்றைச் சோதிப்பதும் இதன் பணி. பவுண்டரி வார்ப்படங்களில் விரிசல் உண்டா என்றறிய உதவும் இரிடியம்-192 போன்றவையும் இதன் கண்காணிப்பில் உள்ளன. பயன் முடிந்த கதிரியக்கப் பொருளை முறைப்படி ஒப்படைக்க வேண்டுமேயன்றி, காயலான் கடைக்கு விற்கக் கூடாது. மாயாபுரி நிகழ்ச்சிக்குப் பின் அப்பல்கலைக்கழகத்திடம் வாரியம் விளக்கம் கோரியது.

ஆயினும், விதியை ஒருவர் மீறினால் பொருள் வந்து சேரும் இடம் நம் கடையே. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்ச் சின்னம் உள்ள பெட்டியையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயக் கலனையோ கண்டால் உடைக்காதீர்கள், உருக்காதீர்கள். யாவரையும் விலக்கிவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

நம்மிடம் கூலிக்கு வரும் தொழிலாளியின் உயிர் நம் கையிலுள்ள அமானிதம். சில ரூபாய் இலாபத்துக்காக அதைப் பணயம் வைக்கலாமா?