பிடுங்கின செடியை எங்கே போடுவது?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கழிவுநீர் பாய்ந்த வயல்களில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். தோல் கெடாமலிருக்க உப்பு, பதனிடக் குரோமியம். இரண்டுமே நிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. "செடி நட்டு, மக்கு உரம் போட்டா மண்ணு தேறிடுமாமே?" என்று கேட்கிறார்கள். ஓரளவுக்குத் தேறும். ஆனால் உப்புக்கு ஒரு வைத்தியம், குரோமியத்துக்கு வேறு வைத்தியம்.

உப்பிலுள்ள சோடியம், மண்ணிலிருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மண் இறுகி, தண்ணி இறங்காது. ஜிப்சம் போட்டு, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகாலில் கழுவி விடணும். கிணற்றுத் தண்ணியே உப்பென்றால் மழையை விட்டால் வேறு வழியில்லை. அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம். உமரி மாதிரிச் செடிகள் உப்பை இலையில் சேர்த்துக்கொள்ளும். அதைப் பிடுங்கி வயலுக்கு வெளியே எடுத்துப் போனால்தான் பலன்.

குரோமியத்தில் இரண்டு வகை. தோல் பதனிடுவதில் வருவது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராத வகை. இன்னொன்று தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும் வகை. குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது இதுதான். நன்றாக மக்கிய உரமும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் இந்த மஞ்சள் வகையை நகராத வகையாக மாற்றுகின்றன. நம்ம கையிலிருக்கும் நல்ல மருந்து இது. ஆனால் குரோமியம் எங்கேயும் போய்விடவில்லை, கட்டிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கேதான் இயற்கை உழவர்களாகிய நமக்கு ஒரு சிக்கல். எந்தச் செடியைப் பிடுங்கினாலும் மூடாக்கு, இல்லாவிட்டால் உரக்குழி என்பது நம் பழக்கம். இலை மக்கும், உலோகம் மக்காது. கடுகு, சூரியகாந்தி போன்றவை ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுக்கக்கூடியவை. அவற்றை அதே வயலில் மடக்கி உழுதால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான். மாட்டுக்குப் போட்டால் பாலுக்கே வரலாம். வெட்டிவேர் மண்ணை இறுக்கிப் பிடித்து, உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்தும். வரப்பில் தாராளமாக நடலாம். அந்த வேரை மட்டும் தண்ணிப் பானையில் போட்டுவிடாதீர்கள்! இப்படிப்பட்ட நிலத்தில் கீரை வேண்டவே வேண்டாம். சில வருடங்களுக்குச் சவுக்கு, மூங்கில் என்று சாப்பிடாத பயிருக்குப் போய்விடுவது நல்லது.

மண்வள அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிலுள்ள 12 அளவுகளில் குரோமியமும் ஈயமும் காட்மியமும் கிடையாது. கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு வாங்கணும்.

கழிவுநீர் இன்னும் வந்துகொண்டிருந்தால் எந்தச் செடியாலும் ஆகாது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று இதே பகுதியைச் சேர்ந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. நம்ம வண்டி உரத்தைக் காட்டி ஆலைக்காரர்கள் நழுவ விடக்கூடாது. உலோகம் ஏறிய செடியைக் காயவைத்து, அபாயக் கழிவாகக் கணக்கில் ஏற்றி, பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதும் அந்தச் செலவில் சேர்ந்ததுதான். அடுத்த கிராம சபையில் இதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.