வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை எவ்வளவு வேலை செய்யலாம்?

"பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸைக் கட்டிவிடலாம்." திருச்சியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதை நம்பித்தான் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. பாலக்கரை அத்தாவும் ஸ்ரீரங்கத்து அப்பாவும் இந்த விஷயத்தில் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்போம்.

மாணவர் விசா என்பது படிப்பதற்கான அனுமதி. வேலை அதில் ஒரு சலுகை. அதற்கு அளவு உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படிப்பவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்குக் கீழ்ப்பட்ட படிப்பென்றால் 10 மணி நேரம்தான். 21 வயது ஆனவருக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு. 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு, நான்கு வாரத்துக்கு 977 பவுண்டு. ஆனால் 2025 நவம்பர் முதல் விசா கேட்பவர், லண்டனுக்கு வெளியே படித்தால் மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் படித்தால் 1,529 பவுண்டு என்று ஒன்பது மாதம் வரைக்கான வாழ்க்கைச் செலவைக் கையிருப்பாகக் காட்ட வேண்டும். அதாவது வாரம் தவறாமல் வேலை கிடைத்தாலும் அந்த வருமானம் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே போதாது என்று அந்த நாட்டின் கணக்கே சொல்கிறது. ஃபீஸ் எங்கிருந்து வரும்? அந்தக் கையிருப்பும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்கென்று வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டு எடுத்துவிடுவதும் நடக்கிறது. பிள்ளை விமானம் ஏறும்போதே கை காலி.

மணிக்கணக்கிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30, சராசரி 20 என்று சொல்ல முடியாது. இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்பது உண்மை. ஆனால் ஓராண்டு முதுகலை படிப்பவருக்குக் கோடைக்காலம் பொதுவாக விடுமுறை அல்ல. ஆய்வேடு எழுதும் காலம் அது, எனவே 20 மணி நேர வரம்பு அப்போதும் தொடரும். நம் பிள்ளைகளில் பலரும் போவது இந்த ஓராண்டுப் படிப்புக்குத்தான். சுயதொழில் அறவே கூடாது. சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலை பெரும்பாலும் சுயதொழிலாகவே கணக்காகிறது. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட ஆபத்து. பிடிபட்டால் விசா ரத்தாகும், படிப்பு நிற்கும், கடன் மட்டும் மிஞ்சும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவில் 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அமெரிக்காவில் பாடக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம். வெளியே தனி அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரமும் கூடாது. நம் நாட்டையும் சொல்ல வேண்டும். திருச்சி என்.ஐ.டி.க்கு வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் மாணவர், இந்திய மாணவர் விசாவை வைத்துக்கொண்டு வெளியே ஒரு கடையில் கூட வேலைக்குச் சேர முடியாது.

வரம்பை மீறினால் அரசாங்கத்துக்கு மட்டும் பயப்பட வேண்டியிருக்கும் என்று நினைக்கக் கூடாது. 2015இல் ஆஸ்திரேலியாவின் செவன் இலெவன் கடைகளில் நடந்தது வெளியே வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் 40 மணி நேரம் உழைக்க, பதிவேட்டில் 20 மணி நேரம் மட்டும் எழுதிப் பாதிக் கூலி கொடுத்தார்கள். கேட்டால், "விசா வரம்பை மீறியிருக்கிறாய், சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல். பின்னர் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வரம்பை மீறச் சொன்ன முதலாளியே அதைப் பிள்ளையின் கழுத்தில் கயிறாக மாட்டினான் என்பதைக் கவனியுங்கள்.

"அது அவர்கள் நாட்டுச் சட்டம்தானே ஹஜ்ரத், அது நம்மைக் கட்டுப்படுத்துமா?" என்று கேட்கும் வாலிபர்கள் உண்டு. கட்டுப்படுத்தும். விசா விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து ஓர் உடன்படிக்கை. அபயம் பெற்று அந்நிய நாட்டுக்குள் நுழைபவரைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. அவர் கொடுத்த வாக்கை மீறி மோசடி செய்யக் கூடாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபும் ஒன்றே. மீறி உழைத்த கூலி ஹராமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேலை ஹலாலானதாக இருந்தால் உழைப்பின் கூலி அவனுக்கு உரியது, குற்றம் வாக்கை மீறியதில் இருக்கிறது என்பதே என் கருத்து. மது பரிமாறும் வேலை வேறு விஷயம்; அதற்கு மணிக்கணக்கே தேவையில்லை.

வரம்புக்குள் வேலை செய்யும் பிள்ளைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ள அடிப்படை உரிமைகள் உண்டு: குறைந்தபட்சக் கூலி, சம்பளச் சீட்டு, சம்பளத்தோடு விடுப்பு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. செய்த நேரத்தைப் பிள்ளை தினமும் எழுதி வைக்கட்டும். பிரிட்டனில் ஏகாஸ் என்ற அமைப்பு தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

இன்னொன்று. படித்து முடித்த பின் பிரிட்டனில் தங்கி வேலை செய்ய இப்போது இரண்டாண்டு விசா இருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் முடித்தவருக்கு மட்டும் மூன்றாண்டு தொடரும். இரண்டாண்டை வைத்துக் கடன் தவணை போட்டிருக்கும் குடும்பம், வங்கிக்குப் போகும் முன் அந்த ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட வேண்டும்.