மீட்புக்குப் பின் கேட்கப்பட்ட சான்று

நேபாளத்தின் சிந்துபால்சோக் போன்ற மலை மாவட்டங்களிலிருந்து மும்பையின் பாலியல் தொழில் பகுதியான காமாத்திபுராவுக்குப் பெண்பிள்ளைகள் விற்கப்பட்ட நெடிய வரலாற்றில் 1996ஆம் ஆண்டு ஒரு திருப்பம். கடவுச்சீட்டு இல்லாமலே கடக்கக்கூடிய இந்திய நேபாள எல்லை, வேலை வாங்கித் தருவதாகவும் மணம் முடிப்பதாகவும் சொல்லி அழைத்துச் செல்லும் தரகர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. தரகருக்கு விடுதிக்காரர் கொடுத்த விலை அந்தப் பிள்ளையின் தலையிலேயே கடனாக ஏற்றப்பட்டு, சோற்றுச் செலவும் மருந்துச் செலவும் அதன்மேல் கூட்டப்பட்டதால், அவள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கணக்குத் தீராது. கொத்தடிமை முறையின் மற்றொரு வடிவம் இது.

1996 பிப்ரவரியில் மும்பை விடுதிகளில் நடந்த சோதனைகளில் மீட்கப்பட்ட ஏறத்தாழ 500 பேரில் சுமார் 200 பேர் நேபாளிகள். ஆனால் குடியுரிமைச் சான்று இல்லை என்றும், எச்.ஐ.வி. பரவிவிடும் என்றும் கூறி நேபாள அரசு அவர்களை ஏற்கத் தயங்கியதால், மீட்கப்பட்டவர்கள் காப்பகங்களில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். ஜூலையில் தன்னார்வ நிறுவனங்களே 128 பேரைக் காத்மாண்டுவுக்கு அழைத்து வந்தன.

அவர்களுள் சிலர் அதே ஆண்டில் தொடங்கியதுதான் சக்தி சமூகா. கடத்தலிலிருந்து மீண்டவர்களே நடத்தும் இவ்வமைப்பு பதிவு பெற 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்ததற்கும் அதே குடியுரிமைச் சான்றுதான் காரணம். தந்தையோ கணவனோ முன்வந்து உறுதிசெய்தால்தான் பெண்ணுக்கு அச்சான்று கிடைக்கும் என்று அப்போதிருந்த நிலையில், உறவினராலேயே விற்கப்பட்டவள் யாருடைய வாசலில் போய் நிற்பாள்? தையல் இயந்திரம் ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதையே மறுவாழ்வு என்று கருதும் வழக்கம் இத்தகைய கேள்விகளைத் தொடுவதே இல்லை. காப்பகம், உளவள ஆலோசனை, தொழிற்பயிற்சி ஆகியவற்றோடு, வழக்காடுவதற்கும் சான்று பெறுவதற்குமான சட்ட உதவியையும் சக்தி சமூகா தன் பணியாகக் கொண்டது இதனாலேயே. 2013இல் அதற்கு மகசேசே விருது கிடைத்தது.

கடத்தலை எல்லையிலேயே தடுக்கும் முயற்சியும் உண்டு. 1993இல் அனுராதா கொய்ராலா நிறுவிய மைதி நேபாள் என்ற அமைப்பின் பெயரில் உள்ள ‘மைதி’ என்பதற்குப் பிறந்தகம் என்று பொருள். அவ்வமைப்பின் எல்லைச் சாவடிகளில் மீண்டு வந்த பெண்களும் காவல் நிற்கின்றனர். ஐயத்துக்குரிய இணை ஒன்று எல்லையை நெருங்கினால், ஆணையும் பெண்ணையும் தனித்தனியே அழைத்து, எந்த ஊர், என்ன உறவு, எங்கே பயணம் என்று கேட்கின்றனர். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் பெண்ணை எல்லை தாண்ட விடுவதில்லை.