ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு இலை



வெளிநாட்டுல இருந்து சிலர் தொண்டு செய்யணும்னே நம்ம நாட்டுக்கு வர்றாங்க. அமெரிக்காவுல 1961-ல கென்னடி ஆரம்பிச்ச அமைதிப் படையில இருந்து 1976 வரைக்கும் ஆயிரக்கணக்கானவங்க இந்தியாவுக்கு வந்தாங்க. படைன்னு பேரே தவிர துப்பாக்கி எல்லாம் கிடையாது. கிராமத்துல தங்கி கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம்னு வேலை செஞ்சாங்க. பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரோட அம்மா லில்லியன், 1966-ல 68 வயசுல மும்பை விக்ரோலிக்கு நர்ஸா வந்தாங்க!

வந்தவங்க ஒருநாள் திரும்பிப் போகணும். போகாமலே இருந்தவரும் உண்டு, அதுவும் நம்ம தேனி மாவட்டத்துல. வேல்ஸ்ல 1925-ல பிறந்த பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன், இலங்கையில இருந்துட்டு 1964-ல தமிழ்நாட்டுக்கு வந்தார். ஜி.கல்லுப்பட்டியில ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வீடும் பள்ளிக்கூடமும் கட்டி, 2017-ல இறக்குற வரைக்கும் இங்கயே இருந்துட்டார். மத்தவங்களுக்கு நாம வழியனுப்புச் சாப்பாடு போடுறோம். அதுக்குன்னு சில முறை இருக்கு.

இலையோட நுனி சாப்பிடுறவங்களுக்கு இடப்பக்கம் இருக்கணும். எங்க சின்னமனூர்ப் பக்கம் வாழைக்குப் பஞ்சமே இல்ல, அதனால தலைவாழை இலைதான். பாகற்காய் வைக்க மாட்டாங்க, கசப்போட அனுப்பக் கூடாதாம். "போதும்"னு சொன்னாலும் இன்னொரு கரண்டி விழும். சாப்பிட்டு முடிச்சு இலையைத் தன் பக்கமா மடிக்கணும். அப்பத்தான் உறவு தொடரும். எதிர்ப்பக்கமா மடிக்கிறது துக்க வீட்டுல. கிளம்பும்போது "போறேன்"னு சொல்லக் கூடாது, "போயிட்டு வர்றேன்"னுதான் சொல்லணும்.

எங்க தெருவுல மூணு மாசம் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த பிரான்ஸ் நாட்டு அக்காவுக்கு எங்க வீட்டுல சாப்பாடு. அம்மா ஒரு நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சாங்க. இந்த முறையை எல்லாம் நான் முதல் நாளே அக்காவுக்குச் சொல்லி வச்சிருந்தேன். ஒண்ணை மட்டும் சொல்லல, ஏன்னா அதை நானே முறைன்னு நினைச்சதில்ல.

அக்கா இலையில கை வைக்கவே இல்ல. "அம்மா சாப்பாடு?"ன்னு கேட்டாங்க. அம்மா அப்புறம் சாப்பிடுவாங்கன்னேன். அவங்க ஊர்ல வழியனுப்பும்போது சமைச்சவங்களும் கூடவே உட்காருவாங்களாம். அப்பத்தா, "பரிமாறுறவ உட்கார்ந்தா எப்படி?"ன்னாங்க. அக்கா சிரிச்சாங்க, ஆனா சாப்பிடல. சோறு ஆறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில நான் கரண்டியை வாங்கிக்கிட்டேன். அம்மா கூச்சத்தோட அக்கா பக்கத்துல உட்கார்ந்தாங்க.

அம்மாவுக்குப் போட சட்டியில குழம்பும் ஒரு கழுத்துத் துண்டும்தான் மிச்சம் இருந்துச்சு. கறி எல்லாம் அக்கா இலை, அப்பா இலை, தம்பி இலையில. எப்பவும் அப்படித்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. நான்தான் கரண்டி போட்டுத் துழாவிப் பார்த்தேனே!

அக்கா தன் இலையில இருந்து ஒரு கால் துண்டை எடுத்து அம்மா இலையில வச்சாங்க. ஒருத்தர் இலையில இருந்து இன்னொருத்தர் இலைக்கு எடுத்து வைக்கிறது எங்க வீட்டுல எச்சில். அப்பத்தா முகம் மாறிடுச்சு. அம்மா ஒரு நிமிஷம் அந்தத் துண்டையே பார்த்தாங்க. அப்புறம் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குல்ல?"ன்னு என்னைக் கேட்டாங்க.

அக்கா இலையைச் சரியாத் தன் பக்கமா மடிச்சாங்க. வாசல்ல நின்னு "போயிட்டு வாரேன்"னு நம்ம ஊர்ப் பேச்சுலயே சொன்னாங்க. நன்றியும் சொன்னாங்க. "சோறு போட்டதுக்கு எதுக்குடி நன்றி?"ன்னு அப்பத்தா ராத்திரி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா அம்மாவும் எங்ககூட உட்காருறாங்க. நானும் தம்பியும் மாத்தி மாத்திப் பரிமாறுறோம். தம்பி இன்னும் ரசத்தைக் கீழ சிந்துறான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி