பெலற் அடுப்பும் அதன் வெப்பப் படிகளும்

குளிர்நாடுகளிற் குடியேறிய நம் பழைய மாணவர் சிலரது இல்லங்களில் இன்று பெலற் அடுப்பு எரிகின்றது. கனடாவிலுள்ள நம் இல்லமும் அவற்றுள் ஒன்று. இது சமைக்கும் அடுப்பன்று; அறையைச் சூடாக்குவது. மரத்தூளை உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறு குச்சிகளாக ஆக்கியதே பெலற் எனப்படும்.

அடுப்பின் முகப்பிற் பெரும்பாலும் 1 முதல் 5 வரை படிகள் குறிக்கப்பட்டிருக்கும். விளக்குத் திரியை ஏற்றி இறக்குவது போன்றதே இதுவுமென எண்ணினோம். முதற் பனிக்காலத்திற் சிக்கனம் நாடி இரவும் பகலும் 1ஆம் படியிலேயே வைத்திருந்தோம். இரு கிழமைகளுட் கண்ணாடிக் கதவு கரிபடிந்து, தீ எரிகின்றதோ என்பதே தெரியாமற் போயிற்று.

படியை மாற்றும்போது மாறுவது யாது? திருகுத்தண்டொன்று சில வினாடி சுழன்றும் சில வினாடி ஓய்ந்தும் பெலற்றை எரிகிண்ணத்துட் சொரிகின்றது. படி உயர, அது சுழலும் நேரமும் கூடும். 1 கிலோகிராம் நல்ல பெலற்றில் ஏறத்தாழ 4.8 கிலோவாற்று மணி வெப்பம் அடங்கியுள்ளது. சேதாரம் பத்திலொன்று எனக் கொண்டால், மணிக்கு அரைக் கிலோ எரிய 2 கிலோவாற்றுக்குச் சற்று மேலாகவும், 1.8 கிலோ எரிய 8 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் அறைக்குக் கிடைக்கும். 15 கிலோ மூட்டை முன்னையதில் 30 மணி நேரம் வரும். பின்னையதில் 8 மணி நேரந்தான்.

ஆயின் எரிபொருள் மட்டும் தீயாகாது. நம் அன்னையர் விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தனர். ஊதுகுழலால் ஊதி வளர்த்தனர். இங்கே அவ்விரு தொழிலையும் திருகுத்தண்டும் விசிறியும் செய்கின்றன. அவை இசைந்துளவோ என்பதைச் சுவாலையே காட்டும். பொன்னிறமாய்த் துடிப்புடன் எழுதல் நன்று. செம்மஞ்சளாய் நீண்டு, சோம்பி அசைந்து, நுனி கறுத்தாற் காற்றுப் போதாது. குறுகி வெண்மையாய்ச் சீறிப் பொறிகளை வெளியே எறிந்தாற் காற்று மிகை. காற்றுப் போதாதெனக் கண்டதும் விசிறியை முடுக்க விரையற்க. அடுப்பு ஆறியபின் கிண்ணத்தின் துளைகளைப் பார்க்க; சாம்பல் உருகி இறுகிய கட்டி வழியை அடைத்திருத்தல் கூடும்.

தாழ்ந்த படியிற் கிண்ணம் போதிய சூடு அடையாமையால் எரிதல் நிறைவுறாது. கண்ணாடியிற் போலப் புகைக்குழாயிலும் கரி படியும். ஆகவே நாடோறும் அரைமணி நேரமாவது உயர்ந்த படியில் எரியவிடுகின்றோம்.

வெப்பம் மிகுந்துவிட்டதென மின்தொடுப்பைப் பிடுங்குதல் பெருந்தவறு. விசிறி நின்றால், எஞ்சிய தணலின் புகை அறைக்குள்ளே திரும்பக்கூடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும் நஞ்சு. அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அணைக்கும் பொத்தானை அழுத்தினால், முதலில் திருகுத்தண்டு நிற்கும். தணல் ஆறும்வரை விசிறி ஓடும். அந்நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியொன்று வீட்டில் இருத்தல் இன்றியமையாதது.

படியை மாற்றியபின் அரைமணி நேரம் பொறுத்தே பயனை மதிப்பிடல் வேண்டும். இரும்பும் சுவரும் சூடேற அவ்வளவு நேரம் செல்லும். நாமோ ஐந்து நிமிடத்துக்கொருமுறை பொத்தானை அழுத்தி வந்தோம். இப்போது அதனைத் தொடும் உரிமை வீட்டில் ஒருவருக்கே உண்டு, அவ்வொருவர் நாமல்லோம்.